காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் கார்பிமசோலை நிறுத்துங்கள்

தைராய்டு மாத்திரை என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்சின்தான். தெருவுக்கு நாலு பேர் அதைப் போடுகிறார்கள். சுரப்பி குறைவாகச் சுரப்பவர்களுக்கான மருந்து அது. கார்பிமசோல் அதற்கு நேர் எதிர், அதிகமாகச் சுரப்பதை அடக்குவது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் விதிகள் இதற்குச் செல்லாது. வெறும் வயிறு தேவையில்லை, அரை மணி நேரம் காத்திருந்து காபி குடிக்க வேண்டியதில்லை. சாப்பிட்டபின் போட்டால் வயிற்றுப் புரட்டல் குறைவு. முட்டைக்கோஸ், காலிஃபிளவரைத் தள்ளிவைக்கச் சொல்வதும் குறைவாகச் சுரப்பவர்களுக்காகக் கிளம்பிய பேச்சு. கேத்தி பள்ளத்தாக்குக் கோஸை தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கோஸ் தின்றே நோயை அடக்கிவிடலாம் என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

நீலகிரி மலையில் இந்த அதிகச் சுரப்பு நோய் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபடும். கீழே கோயம்புத்தூரில் இருப்பவருக்கு வியர்த்துக் கொட்டினால் சந்தேகம் வரும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டாம் என்று ஒருவர் திரிந்தால் 'உடம்பு நல்ல வாகு' என்பார்கள். மூச்சு வாங்கினால் மேடு ஏறினதால் என்பார்கள். அதனால் படியேறும்போது துடிப்பதை விட்டுவிட்டு, விடிகாலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். படுத்திருக்கும்போதே 100-ஐத் தாண்டுகிறது, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, நீட்டிய விரல்கள் நடுங்குகின்றன என்றால் டிஎஸ்ஹெச் (சுரப்பியை ஏவும் ஹார்மோன்), எஃப்டி4, டி3 (சுரப்பி வெளியே விடும் ஹார்மோன்கள்) மூன்றும் ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

மருந்து தொடங்கும் முன் இரண்டு ரத்தப் பரிசோதனைகளை விடாதீர்கள்: சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட இது வேண்டும். இன்னொன்று, சுரப்பி வீங்கி ஏற்கெனவே செய்துவைத்த ஹார்மோன் கசிவதாலும் ரிப்போர்ட் இதே போல வரும். அதில் சுரப்பி புதிதாக எதையும் அதிகம் செய்வதில்லை, அதனால் கார்பிமசோல் கொடுத்துப் பயனில்லை, சில வாரங்களில் தானே அடங்கும். டிஆர்ஏபி என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையோ சுரப்பியின் வேலையைப் படமெடுக்கும் டெக்னீசியம் ஸ்கேனோ இரண்டையும் பிரித்துக் காட்டும். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது சில லேப் முறைகளில் நல்ல சுரப்பியையும் அதிகச் சுரப்பாகக் காட்டிவிடும்.

கார்பிமசோல் 5, 10, 20 மில்லிகிராமில் கிடைக்கிறது. நோயின் அளவைப் பார்த்து நாளுக்கு 15 முதல் 40 வரை தொடங்குவார்கள், அடங்கியபின் 5 முதல் 15-க்கு இறக்குவார்கள். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். தேயிலை ஃபேக்டரியில் இன்றைக்கு இலை வரவை நிறுத்தினாலும் குடோனில் அடுக்கிய மூட்டைகள் வெளியே போய்க்கொண்டுதானே இருக்கும்? இதுவும் அப்படித்தான். மாத்திரை புது உற்பத்தியைத்தான் தடுக்கிறது. சுரப்பியில் சேர்ந்த சரக்கு தீர வேண்டும், ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். படபடப்பு நன்றாக அடங்க 4 முதல் 8 வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை தாங்குவதற்குத்தான் இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை. 10 முதல் 40 மில்லிகிராம் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. நடுக்கம் சில மணி நேரத்தில் குறையும், ஆனால் சுரப்பியின் உற்பத்தியை இது நிறுத்தாது. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு மூச்சை அடைக்கும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் இது மறைத்துவிடும். கை கால் விரல் சில்லென்று ஆவதும் இதன் வேலைதான், மலைக்குளிரில் தெளிவாகத் தெரியும். திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். கார்பிமசோல் சாப்பிடும் 1000 பேரில் 2 முதல் 5 பேருக்கு வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை அறவே விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். கிருமியை எதிர்க்க ஆள் இல்லாமல் போவதால் சாதாரணத் தொண்டைப்புண் இரண்டே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மாதம் ஒருமுறை சிபிசி எடுத்தால் பிடித்துவிடலாம் என்று நம்ப முடியாது. சட்டென்று விழும் எண்ணிக்கை அது, போன வாரம் சரியாக இருந்தது இந்த வாரம் இல்லாமல் போகலாம்.

அதனால் விதி எளிது: காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண், இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள், அன்றைக்கே சிபிசி எடுங்கள். மொத்த வெள்ளை அணுவோடு விட்டுவிடாமல், வகைப்பிரிப்பும் கேளுங்கள், நியூட்ரோஃபில் எண்ணிக்கைதான் முக்கியம். 500-க்குக் கீழே என்றால் உடனே அட்மிஷன். எண்ணிக்கை சரி என்றால் டாக்டர் சொன்னபின் தொடரலாம்.

மலையில் இதைப் பின்பற்றுவது சங்கடம் என்று தெரியும். மூடுபனி மாதங்களில் யாருக்குத்தான் தொண்டை கரகரப்பு இல்லை? அதற்காகவே அலட்சியம் வருகிறது. உப்புத்தண்ணீர், மிளகு ரசம், ஒரு பாராசிட்டமால் என்று இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மட்டும் மறைக்கும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைப் போடக் கூடாது. மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி பக்கம் இருப்பவர்கள், சிபிசி எடுக்கும் இடம் எது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று மருந்து தொடங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனால் 'கார்பிமசோல் சாப்பிடுகிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மழையில் மண் சரிந்து காட் ரோடு அடைபடும் காலத்துக்கு 2 வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும், வந்த பேக்கிங்கிலேயே, ஈரம் படாத இடத்தில்.

தோலில் அரிப்பு, தடிப்பு 100-க்கு 5 பேருக்கு வரும், லேசானது என்றால் அலர்ஜி மாத்திரையோடு தொடர முடியும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் நிறமானால் நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை. மேல்வயிற்றில் முதுகுவரை பாயும் கடும் வலி கணையத்தைக் காட்டலாம்.

கார்பிமசோல் ஒத்துவராதவர்களுக்கு ப்ரோப்பைல்தயோயூராசில் இருக்கிறது. 50 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு 2, 3 வேளை. கல்லீரலை மோசமாகத் தாக்கக்கூடியது என்று அமெரிக்க மருந்துத் துறை 2010-ல் கடுமையான எச்சரிக்கை போட்டதால் முதல் தேர்வாகக் கொடுப்பதில்லை. முக்கியமான விதிவிலக்கு கர்ப்பத்தின் முதல் மாதங்கள். 6 முதல் 10 வாரத்தில் கார்பிமசோல் குழந்தையின் உச்சந்தலைத் தோல், மூக்குத் துவாரம் போன்றவற்றில் குறை உண்டாக்கலாம். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே பேசுங்கள், நாள் தள்ளியபின் அல்ல. பயந்துகொண்டு தானாக நிறுத்துவதும் தப்பு, அடங்காத தைராய்டும் கருவைக் கலைக்கும். கார்பிமசோலில் வெள்ளை அணு விழுந்தவருக்கு மட்டும் ப்ரோப்பைல்தயோயூராசிலுக்கு மாறுவது கூடாது, அதிலும் அதே விழும்.

பரிசோதனை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. டிஎஸ்ஹெச் மாதக்கணக்கில் அடிமட்டத்திலேயே கிடக்கும், அதை மட்டும் பார்த்து டோஸ் கூட்டினால் சுரப்பி ஒரேயடியாக அடங்கி மலச்சிக்கல், தூக்கம், எடை ஏற்றம் வரும். அப்போது குளிர் தாங்காததை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள், மலையில் எல்லோருக்கும் குளிர்கிறதே! எஃப்டி4, டி3 பார்த்துத்தான் டோஸ் இறக்க வேண்டும்.

உடம்பின் எதிர்ப்பொருளே சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய்க்கு 12 முதல் 18 மாதம் மருந்து. நிறுத்தும் முன் டிஆர்ஏபி பாருங்கள், இன்னும் உயர்ந்திருந்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். அதனால் நிறுத்திய பிறகும் முதல் 6 மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதம் விட்டு ரத்தம் கொடுக்க வேண்டும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை, ஓராண்டு தாண்டினால் வருடம் ஒருமுறை. பிரசவமானவர்கள் முதல் வருடம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். திரும்பினால் மறுபடி மாத்திரை, ரேடியோ அயோடின் (சுரப்பியை அடக்கும் கதிரியக்க மருந்து), அறுவை என்று மூன்று வழி. கண் பிதுங்கியவர்கள் ரேடியோ அயோடினுக்கு முன் கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், புகை பிடிப்பவர் என்றால் பீடி சிகரெட்டை அதற்கு முன்பே விட்டாக வேண்டும்.