பனித்தரைமேல் விரித்த பச்சைக் கம்பளம்

2018-இல் எனக்கு சிகாகோவில் வேலை. வசந்தம் எட்டிப்பார்த்த ஒரு சனிக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினேன். மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அயோவா. சோளம் விதைக்காத வயல்கள் சாலையின் இருபுறமும் கறுப்பாகக் கிடந்தன. ஐந்து மணி நேரத்தில் மாநிலத் தலைநகர் டி மாயின் வந்துவிட்டது. அங்கே எனக்கு உறவும் இல்லை, வேலையும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர் கர்ட் வார்னர். அவர் பந்து எறிந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வார்னரை 1994-இல் பெரிய லீக்கான என்.எஃப்.எல்லின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹை-வீ மளிகைக் கடையில், மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு, ராத்திரியெல்லாம் அலமாரியில் சாமான் அடுக்கினார். 1995-இல் டி மாயினில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணி தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் ஆடினார். 2000 ஜனவரியில், பெரிய லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், மொத்தம் 414 யார்டு எறிந்து செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான் போனபோது பார்ன்ஸ்டார்மர்ஸ் ஆடியது வெல்ஸ் ஃபார்கோ அரங்கில், இண்டோர் ஃபுட்பால் லீக்கில். எனக்கு இரண்டாவது வரிசை. உட்கார்ந்ததுமே காலில் ஜில்லென்று ஏறியது. அது ஐஸ் ஹாக்கி ஆடும் தளம். பனிக்குமேல் பலகை போட்டு, அதன்மேல் பச்சைச் செயற்கைப் புல்லை விரித்திருக்கிறார்கள். புல் துண்டுகள் சேரும் இடம் கோடு கோடாகத் தெரிந்தது. ஆடுகளம் 50 யார்டுதான், பெரிய லீக் மைதானத்தில் பாதி. அணிக்கு எட்டுப் பேர். பந்தை உதைத்து எதிரணிப் பக்கம் தள்ளிவிட்டுத் தப்பிக்கும் 'பன்ட்' இங்கே கிடையாது. பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் கடைசியிலும் முன்னேறியாக வேண்டும், இல்லையென்றால் கோல் கம்பத்துக்குள் உதைக்க வேண்டும். அதனால்தான் புள்ளிகள் இப்படிக் கொட்டுகின்றன. பந்து கிளம்பும் முன்பே, பந்து வைத்திருக்கும் அணியில் இரண்டு பேர் ஆட்டம் தொடங்கும் கோட்டுப் பக்கம் ஓடி வரலாம் என்பது இன்னொரு விதி. ஓட்ட வேகத்தோடு அவர்கள் தடுப்பாளர்களைக் கடக்கும்போது நமக்கு மூச்சு நின்றுவிடும்.

ஓரக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை கட்டிய சுவர். இரண்டாம் கால்பகுதியில் ஒரு ரிசீவர் பந்தைப் பிடித்த வேகத்தில் எனக்கு நேர் எதிரே வந்து மோதினார். முதல் வரிசைச் சிறுவனின் பாப்கார்ன் சிதறியது. சுவர்மேல் மடங்கிக் கிடந்தவரின் மூச்சு எனக்குக் கேட்டது. பந்தை மட்டும் விடவில்லை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. எழுந்து அந்தச் சிறுவனின் தலையைத் தடவிவிட்டு ஓடினார்.

ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் களத்தில் இறங்கலாம். வீரர்கள் வியர்வை காயாமல் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தடுப்பாட்டக்காரரிடம் பேசினேன். தங்க இடம் தருகிறார்களாம். ஆட்டத்துக்கு ஆட்டம் சில நூறு டாலர் சம்பளம். சீசன் இல்லாத மாதங்களில் பள்ளிக்கூடத்தில் வேலை. பேசிக்கொண்டே விரல்களில் சுற்றிய டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வருமா என்று நான் கேட்கவில்லை. போன் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும் என்று அவராகவே சொன்னார்.

அந்த வருஷம் லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். முந்தைய வருஷம் பத்து. அணியை இழந்த ஸ்போகேனிலும் சால்ட் லேக்கிலும் இதே மாதிரிச் சுவரோரம் உட்கார்ந்து கத்தியவர்களுக்கு மறு வசந்தத்தில் போக இடம் இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். வீரர்களாவது வேறு அணி தேடிப் போவார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் எங்கே போகும்?

ஜூலையில் இறுதி ஆட்டம். எதிரில் சூ ஃபால்ஸ் ஸ்டார்ம். 2011 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு வருஷம் கோப்பையை யாருக்கும் விடாத அணி. நான் சிகாகோவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, புள்ளி மாற மாற எழுந்து நடந்தேன். பார்ன்ஸ்டார்மர்ஸ் 69, ஸ்டார்ம் 68. பாப்கார்ன் சிதறிய அந்தப் பையனும் எங்கேயோ குதித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.