மலைப் பள்ளிக்கு வாக்கி டாக்கி: நடந்து அளப்பது முதல் மணி அடிப்பது வரை

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் நான்கு மட்டமாகக் கட்டிய ஒரு விடுதிப் பள்ளிக்கு வாக்கி டாக்கி ஏற்பாடு செய்து கொடுத்த வேலையில் நாங்கள் கடந்த படிகளை இங்கே எழுதுகிறோம். கூடலூர், குன்னூர், கொடைக்கானல் என்று எந்த மலைப் பள்ளிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையம், எஸ்டேட் மருத்துவமனை போன்ற இடங்களுக்கும் உதவும்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்பார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் முதலில் கரண்ட் போகும். டவரின் பேட்டரியும் ஜெனரேட்டரும் தாங்கும்வரைதான் போன். சிம் போட்டுப் பேசும் ‘வாக்கி டாக்கி’ என்று விற்பதும் அதே டவரை நம்பியதுதான், ஆகவே அவசரத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரடி ரேடியோவில் ஒரு செட் பேசினால் எல்லா செட்டுக்கும் ஒரே நொடியில் கேட்கும், நடுவில் டவர் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் வளாகத்தை நடந்து அளக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. உரிமம் தேவைப்படாத வகை செட் இரண்டை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் வளாகப் படத்தோடு ஆபீஸில் உட்கார வேண்டும். இன்னொருவர் ஏறத்தாழ 25 மீட்டருக்கு ஒரு முறை நின்று, இடத்தின் பெயரைச் சொல்லி, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ண வேண்டும். ஐந்து எண்ணும் தெளிவாகக் கேட்டால் படத்தில் 5, இரைச்சலோடு புரிந்தால் 3, கேட்காவிட்டால் 0. பிறகு ஆபீஸிலிருந்து எண்ணி, நடப்பவர் மதிப்பெண் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு இவற்றின் இரைச்சல் அதிகமாக இருந்தால் அங்கே கேட்பது மட்டும் கெடும்.

அந்த வளாகத்தில் 300 மீட்டர் தள்ளி எதிர்ச்சரிவில் இருந்த விளையாட்டு மைதானம் 5 வாங்கியது. 120 மீட்டர்கூட இல்லாத ஜூனியர் விடுதி 0 வாங்கியது. காரணம், விடுதி மலையின் தோளுக்குப் பின்னால், தடுப்புச் சுவரை ஒட்டி இருந்தது. இந்த வகை செட் பேசும் 446 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 67 சென்டிமீட்டர். இந்த அலை மண்ணையும் பாறையையும் ஊடுருவாது, மேட்டைச் சுற்றி வளைவதும் குறைவு. கண்ணுக்குக் கண் தெரியும் இடத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டிக்கூடப் பேசும் செட், ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ‘5 கி.மீ.’, ‘10 கி.மீ.’ எல்லாம் திறந்தவெளிக் கணக்கு, மலையில் அதற்கு அர்த்தமில்லை.

பனிமூட்டத்தால் ரேடியோ கேட்காது என்று பலர் நம்புகிறார்கள். இந்த அலைவரிசையில் மூட்டம் ஒன்றும் செய்யாது. நனைந்த மரங்கள்தான் அலையைக் குடிக்கும். அடர்ந்த சோலைக்குள் மழை நாளில் சிக்னல் நன்றாகவே குறைந்துவிடும். அதனால் அளவெடுப்பை வெயில் நாளில் மட்டும் முடித்துவிடாமல், மழையில், கதவைச் சாத்திக்கொண்டு, ரெயின்கோட்டுக்குள் இடுப்பில் செட்டை மாட்டியபடி இன்னொரு முறை செய்யுங்கள். தகரக் கூரையும் ஸ்டீல் பாத்திர அடுக்கும் உள்ள மெஸ் அடுப்படி, பஸ் ஷெட், கீழ்த்தள ஸ்டோர் ஆகிய மூன்றும் எல்லா வளாகத்திலும் சிக்கலான இடங்கள்.

0 வாங்கிய இடத்துக்கு இரண்டு வழிகள். ஒரு செட்டின் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் கருவி வைக்கலாம், அதற்கு உரிமமும் செலவும் உண்டு. இல்லையென்றால் இரண்டு பக்கமும் தெரியும் மேட்டில் ஓர் ஆளை வைத்து வாங்கிச் சொல்ல வைக்கலாம். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் கூண்டு ஆபீஸுக்கும் விடுதிக்கும் 5 கொடுத்தது. அந்த இடத்துக்கு ‘மேடு’ என்றே பெயர் வைத்து, எப்போதும் ஒரு செட் இருக்கும்படி செய்ததில் ரிப்பீட்டர் தேவைப்படவில்லை. சின்ன வளாகத்துக்கு இதையே முதலில் முயன்று பாருங்கள். இதில் பழுதாவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது சட்டம். 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் செட் வைத்திருப்பதே குற்றம். பேசவே இல்லை என்பது பதிலாகாது. விலக்கு உள்ளது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்டுகளுக்கு. இந்த வகை பெரும்பாலும் அரை வாட் சக்தியில் வரும். அதற்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் கருவி வகை ஒப்புதல், அதாவது இ.டி.ஏ., இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த மாடலுக்கான ஒப்புதல் சான்றின் நகலையும், அலைவரிசை எழுதிய பில்லையும் கேட்டு வாங்கி கோப்பில் வையுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த, 5 வாட் என்று போட்ட, எந்த அலைவரிசையையும் தட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்ற செட்டுகளைப் பல பள்ளிகளில் பார்த்தோம். இவை விலக்குக்குள் வராது. ஒரு விரல் தவறினால் காவல்துறை, வனத்துறை பேசும் சேனலில் போய் உட்காரும். புலிகள் காப்பகத்தை ஒட்டியும் வெலிங்டன் ராணுவப் பகுதியை ஒட்டியும் இருக்கும் ஊர்களில் இது விளையாட்டு விஷயம் இல்லை. இப்படி விவரம் சொல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்த, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. அதையும் மீறி வாங்கிவிட்டால் பொறுப்பு வாங்கியவருக்கும் உண்டு.

பெரிய வளாகம், பஸ்களில் பொருத்தும் செட், ரிப்பீட்டர் என்று போனால் உரிமம் எடுக்கத்தான் வேண்டும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாகப் போகும். நிறுவனப் பதிவு ஆவணம், கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவருக்கான தீர்மானம், செட்டுகளின் எண்ணிக்கை, சக்தி, பயன்படுத்தும் பகுதி, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இவையெல்லாம் வேண்டும். உயரமான கம்பத்தில் ஆன்டெனா வைத்தால் அந்த இடத்துக்குத் தனியாக சாக்ஃபா என்ற அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதில் தரைமட்டம் கடலிலிருந்து எத்தனை மீட்டர், கம்பம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதைத் தனித்தனியாகக் கேட்பார்கள். மலையில் இந்த இரண்டையும் குழப்பிப் போட்டால் விண்ணப்பம் திரும்பும். இன்னொரு சிக்கல் பெயரில் வரும். டிரஸ்ட் கோவையில் பதிவாகியிருக்கும், பள்ளி மலையில் இருக்கும், பான் அட்டை ஒரு பெயரில், தீர்மானம் ஒரு பெயரில் இருக்கும். விண்ணப்பிக்கும் பெயர் ஒன்றாகவும், பகுதி பள்ளி இருக்கும் இடமாகவும் இருக்க வேண்டும். அலைவரிசை ஒதுக்கப்பட்டு, கட்டணம் கட்டி, உரிமம் வந்த பிறகே செட்டை வாங்குங்கள். உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒரு செட்கூடச் சேர்க்க முடியாது. ஆண்டுக் கட்டணத் தேதியை ஆபீஸ் காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஆன்டெனா வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 30 மீட்டர் தூரத்துக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளை இழுத்தால், 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கிளம்பிய சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். அதே தூரத்துக்கு எல்.எம்.ஆர்.400 என்ற தடித்த கேபிள் போட்டால் பாதிக்குச் சற்று மேல் சேரும். செட்டுக்குச் செலவழித்துவிட்டு கேபிளில் மிச்சம் பிடிப்பது வீண். இடி தாங்க சர்ஜ் அரெஸ்டரும், அதற்கென நல்ல எர்த்தும் கட்டாயம். மலைப்பாறையில் எர்த் சரியாகப் பிடிக்காது, மண் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துக் குழி எடுக்க வேண்டும்.

எத்தனை செட்? கேட், ஆபீஸ், நர்ஸ் அறை, மைதானம், இரண்டு விடுதி, மெஸ், மேடு ஆக எட்டு. உபரியாக இரண்டு. மொத்தம் பத்து. ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தால் வீட்டுக்குப் போய்விடும். இடத்துக்கு ஒன்று என்று கொடுத்து, செட்டின் முதுகில் பெயின்டால் இடப்பெயரை எழுதிவிடுங்கள். தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.67 தரம் உள்ளதாகப் பாருங்கள். ஆனால் பக்கவாட்டில் மைக் செருகும் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் அந்தத் தரம் செல்லாது. ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால், மூடி தொங்கிய செட்டில் உள்ளே பித்தளை முனைகள் பச்சைப் பாசி பூத்த மாதிரி இருக்கும். தொட்டால் தானாகவே பேச்சு பட்டன் அழுந்தியதுபோல் ஒலிபரப்பத் தொடங்கும். ஒரு செட் இப்படிச் சிக்கிக்கொண்டால் சேனல் முழுக்க அடைபடும். நீண்ட ஒலிபரப்பைத் தானாக நிறுத்தும் டைம்-அவுட் வசதியை 60 நொடிக்கு வைப்பது அதற்காகத்தான். குரல் கேட்டால் தானாக ஒலிபரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள், காற்று அடித்தாலே கிளம்பிவிடும்.

ரிசார்ட், சுற்றுலா கோஷ்டிகளின் பேச்சு நடுவில் வந்தால் சி.டி.சி.எஸ்.எஸ். என்ற துணை ஒலியை எல்லா செட்டிலும் ஒரே எண்ணில் வையுங்கள். மற்றவர்கள் பேச்சு நம் காதில் விழாமல் இருக்க மட்டுமே அது உதவும். நாம் பேசுவதை அவர்கள் கேட்பதை அது தடுக்காது. ஆகவே பிள்ளைகளின் பெயரை ரேடியோவில் சொல்லக்கூடாது. வகுப்பும் வரிசை எண்ணும் போதும்.

இனி முக்கியமான பகுதி. தீ, மண்சரிவு என்றால் பிள்ளைகள் வெளியே வர வேண்டும். காட்டுமாடு, கரடி, யானை என்றால் உள்ளேயே இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த வளாகங்களில் இரண்டுக்கும் ஒரே நீண்ட மணிதான் அடித்தார்கள். மைதானத்தில் காட்டுமாடு நிற்கும்போது அந்த மணி அடித்தால், தீப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் நேராக அதன் முன்னால் ஓடிப்போவார்கள். எனவே நிற்காத மணி என்றால் வெளியே, மூன்று மூன்றாக விட்டுவிட்டு அடித்தால் உள்ளே என்று பிரித்தோம். மணி அடிப்பவர் ரேடியோவில் உத்தரவு கேட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

அந்த உத்தரவின் சொற்களையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பட்டனை அழுத்தியவுடன் பேசினால் முதல் அசை போய்விடும். பேசி முடிக்குமுன் விட்டால் கடைசி அசை போய்விடும். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. “வெளியே வராதீங்க” என்பதில் வால் அறுந்தால் எதிர்ப்பக்கம் “வெளியே வரா...” என்று கேட்கும், பதற்றத்தில் அதை வரச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மறுப்பு இல்லாத இரண்டே உத்தரவு: “உள்ளே இருங்க”, “மேலே வாங்க”. மேலே என்பது அங்கே கூடும் இடம். அழுத்தி, ஒரு நொடி நின்று, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, இரண்டு முறை சொல்ல வேண்டும். கூப்பிடும்போது கேட்க வேண்டியவர் பெயர் முதலில், சொல்பவர் இடம் பிறகு:

“ஆபீஸ், ஆபீஸ், மைதானம் பேசறேன். அவசரம். கீழ் வேலிப்பக்கம் காட்டுமாடு ரெண்டு. உள்ளே இருங்க. உள்ளே இருங்க. ஓவர்.”

“மைதானம், ஆபீஸ். உள்ளே இருங்க, புரிஞ்சுது. மேடு, விடுதிக்குச் சொல்லுங்க. ஓவர்.”

திருப்பிச் சொல்வது கட்டாயம். “சரி” என்று மட்டும் பதில் வந்தால் எதைச் சரி என்கிறார்கள் என்று தெரியாது. படுகர் மொழி, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் பேசும் ஊழியர்கள் இருக்கும் இடத்தில், இந்த இரண்டு உத்தரவை மட்டும் எல்லாரும் ஒரே சொல்லில் பழக வேண்டும். மற்ற பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும்.

உங்கள் செட் காவல் நிலையத்தோடோ 108-ஓடோ பேசாது. அதனால் ‘போன் ஆள்’ என்று ஒருவரை ஆபீஸில் குறித்துவிடுங்கள். அவர் அருகில் சுவரில் 112, 108, மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1077, உங்கள் ரேஞ்ச் வனத்துறை அலுவலக எண் நான்கும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். லேண்ட்லைன் இருந்தால் துண்டிக்காதீர்கள்.

பஸ்ஸுக்கு அரை வாட் செட்டை நம்ப வேண்டாம். இரும்புக் கூட்டுக்குள் பாதி சக்தி போய்விடும், முதல் கொண்டை ஊசியிலேயே தொடர்பு அறும். பாதையில் போன் கிடைக்கும் இடங்களைக் குறித்து, அங்கே உதவியாளர் ஆபீஸுக்குப் பேசிவிட்டுப் போகும் பழக்கமே மேல்.

பேட்டரிதான் கடைசியில் ஆளைக் கவிழ்க்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறையும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவில் திறந்த வராந்தாவில் சார்ஜ் போடாதீர்கள். சூடான அறையில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். காலை 8.30-க்கு ஆபீஸ் ஒவ்வோர் இடத்தையும் கூப்பிட்டு, பதில் வராத இடத்தை நோட்டில் எழுத வேண்டும். ஒரே செட் ஒரே வாரத்தில் இரண்டு முறை பதில் தராவிட்டால் பேட்டரியை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். ஏப்ரல் விடுமுறைக்கு முன் பேட்டரிகளைக் கழற்றி, பாதி சார்ஜில், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் முனைகளைத் துடைத்து, முழு சார்ஜ் போட்டு, வளாகப் படத்தை எடுத்துக்கொண்டு பழைய புள்ளிகளில் மறுபடி நடந்து எண்ணுங்கள். இடையில் ஒரு புதுக் கட்டடம், ஒரு தகர ஷெட் எழும்பியிருந்தாலே 5 வாங்கிய இடம் 3 ஆகியிருக்கும்.