சித்தப்பாவின் 501 பவுணும் ஒம்புட்ஸ்மனும்

போன ஞாயிறு சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உள்ளே ஏழு வருடப் பற்றுச்சீட்டுகளும் கையால் எழுதின நாலு பக்கக் கடிதமும்.

"பிள்ளை, இதை இங்கிலீசில அடிச்சு ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பு. உவையைச் சும்மா விடேலாது."

ஒம்புட்ஸ்மன் என்றால், முறைப்பாடுகளை விசாரிக்கிற அதிகாரி. உவை என்றால், லண்டனில் அவர் போகிற கோயிலின் பரிபாலன சபை. தேர்க்கொட்டகைக்கென்று 501 பவுண் கொடுத்தார். கொட்டகை எழும்பவில்லை. கேட்டால் "பொதுக்கூட்டத்தில சொல்லுவம்" என்கிறார்களாம். பொதுக்கூட்டம் வைத்தால்தானே!

தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுகிற விதிகளை இருவரும் படிக்கத் தொடங்கினோம். 'யார் மேல் முறைப்பாடு' என்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டோம்.

இங்கிலாந்தில் கோயில் ஒரு சரிட்டி, அதாவது தரும அமைப்பு. அதைக் கவனிப்பது சரிட்டி கமிஷன். நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மன் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவர். அவர் விசாரிப்பது அரச அமைப்புகளைத்தான். அந்தப் பட்டியலில் கமிஷன் இருக்கிறது, கோயில் இல்லை. 501 பவுண் எங்கே என்று சபைத் தலைவரை அவர் கேட்க ஏலாது. கமிஷனுக்கு எழுதி, கடிதம் அங்கே தொலைந்தாலோ பதிலே வராமல் கிடந்தாலோ அதை அவர் கேட்கலாம். கமிஷன் ஒழுங்காகப் பார்த்து 'தலையிட மாட்டோம்' என்று முடிவெடுத்தால், அந்த முடிவு எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் அதைக் கிளறமாட்டார். அவரிடம் நேரே போகவும் முடியாது. விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் எம்பியிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும்.

"அர்ச்சனைத் தட்டு மாதிரி ஐயரிட்டக் குடுத்துத்தான் உள்ளுக்கு அனுப்போணும்" என்றார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. இதே கோயில் உள்ளூர்க் கவுன்சிலுக்காக, அதன் காசில், வயோதிபர் பராமரிப்பு நடத்தினால், உள்ளூராட்சிக்கென்று இருக்கிற வேறொரு ஒம்புட்ஸ்மன் அந்த வேலையை விசாரிக்கலாம். அப்படிப் பார்த்தால் பராமரிப்பில் கொடுத்த சோறு சரியில்லை என்ற முறைப்பாடு போய்ச் சேரும், கொட்டகைக் காசு சேராது.

பிறகு கமிஷனின் இணையப் பதிவேட்டில் கோயிலின் பெயரைத் தேடினேன். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அனுப்பவேண்டிய கணக்கு இன்னும் போகவில்லை. நாலு பக்கக் கோபத்தைவிட கமிஷனுக்கு இந்த ஒரு வரிதான் விளங்கும் என்பது என் எண்ணம். அதற்கு முதல் சபைக்கே எழுதலாம். ஒரு சரிட்டியின் கடைசிக் கணக்கை யாரும் எழுத்தில் கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் தரவேண்டும் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியாயமான ஒரு கட்டணம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

நாலு பக்கம் ஆறு வரியானது. சித்தப்பா கையெழுத்தும் வைத்தார். உறையை ஒட்டப்போனபோது என் கையைப் பிடித்தார்.

"தலைவற்ர மகளின்ர கலியாணம் வாற மாசம். எங்களுக்கும் காட் வந்திருக்கு. அது முடியட்டும், பிறகு போடுவமே?"

கடிதம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.