காற்றாடிமலையில் மாற்கு நற்செய்தி

தவக்காலத்தின் நான்காம் வெள்ளியன்று, புனித தேவசகாயம் பிறந்த நட்டாலத்திலிருந்து அவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை வரை ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன். கையில் மாற்கு நற்செய்தி மட்டுமே இருந்தது. 16 அதிகாரங்களே கொண்ட அந்தச் சிறு நூலை வழியிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் சிறிது சிறிதாக வாசித்துக்கொண்டே போவது என் எண்ணம்.

நட்டாலத்தில் நெடுநேரம் தங்கவில்லை. புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் வாடிய தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் குடித்துவிட்டு, நிழலில் அமர்ந்து ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். அருகில்தான் உதயகிரிக் கோட்டை. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டனுக்கு யோபுவின் துயரக் கதையைச் சொன்னவர் அவரே. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, இலாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் தாங்கி, நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

ஆறாம் அதிகாரத்தில் ஏரோது அரசன் திருமுழுக்கு யோவானைக் கொல்கிறான். மாற்கு அந்த அரசனை வெறும் கொடியவனாகக் காட்டவில்லை என்பது என்னை எப்போதும் உலுக்கும். யோவான் நேர்மையாளர் என்று ஏரோது அறிந்திருந்தான்; குழப்பத்தோடு என்றாலும் அவருடைய பேச்சை விரும்பிக் கேட்டான். ஆனால் விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் முன்னிலையில் ஆணையிட்டுச் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்க முடியாமல், அவருடைய தலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவரச் செய்தான். ஆட்சி அதிகாரத்துக்குக் கொலைவெறிகூடத் தேவையில்லை, அவையில் மானம் போய்விடும் என்ற அச்சமே போதும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பகுதியை நான் வாசித்ததில்லை. அரண்மனைச் சேவகத்தில் இருந்த ஒருவர் சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் எல்லாரும் சமம் என்று பேசியதும் அந்த அவையை எவ்வளவு கலங்கடித்திருக்கும் என்பதை, அந்த அரண்மனை இருக்கும் பத்மநாபபுரத்தின் அருகில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது எளிதாக இருந்தது. 1749இல் அவர் கைது செய்யப்பட்டார். எருமையின் மீது பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது மரபு.

ஆனால் குற்றத்தை ஏரோதிடமும் அரசரிடமும் விட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விட மாற்கு விடுவதில்லை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பத்தாம் அதிகாரத்தை வாசித்தேன். இயேசு தம் சாவைப் பற்றிப் பேசி முடித்த உடனேயே, சீடர்களான யாக்கோபும் யோவானும் அவருடைய வலப்பக்கத்து இருக்கையையும் இடப்பக்கத்து இருக்கையையும் கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. நாடாளுபவர்கள் மக்களை அடக்கி ஆள்கிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது என்று இயேசு சொல்வது அரண்மனையைப் பார்த்தல்ல, தம் சீடர்களைப் பார்த்து. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. 2012இல் கோட்டாறு மறைமாவட்டத்தில் அவருக்குப் புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் அளித்தபோதுகூட அவர் பெயரோடு சாதிப் பெயரும் சேர்ந்தே வந்தது. அது வேண்டாம் என்ற முறையீடு உரோமைக்குப் போன பிறகே, 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாக அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் உயிர்விட்டு 270 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாலையில் காற்றாடிமலைக்கு வந்து சேர்ந்தேன். 1752 சனவரி 14 அன்று இங்கே அவரைச் சுட்டார்கள். அப்போது உடைந்து விழுந்ததாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் மணியோசை கேட்கும். கணவாய்க் காற்று தாளைப் புரட்டவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு முதிய பெண், "என்ன வாசிக்கிறிய மக்களே? எனக்கும் கேக்குற மாதிரி வாசிங்க" என்றார். பன்னிரண்டாம் அதிகாரத்தின் முடிவை உரக்க வாசித்தேன்: நீண்ட அங்கியோடு உலாவி, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்கள், அதை அடுத்து, பிழைப்புக்கு வைத்திருந்த இரண்டு காசுகளையும் கோவில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடும் ஏழைக் கைம்பெண்.

"கடைசிச் சக்கரத்தையும் வாங்கிட்டாவளா? பொறவு அவ எப்பிடிச் சோறு பொங்குவா?" என்று கேட்டார் அந்த அம்மா.

மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பெண்ணைத் தாராள குணத்துக்கு எடுத்துக்காட்டாகவே பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றிய கண்டனத்துக்கு மறுவரியிலேயே அவள் வந்து நிற்பது ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பங்குப் பேரவையில் இருந்த காலத்தில், திருவிழா வரி பாக்கி வைத்தவர்களின் பட்டியலைத் திருப்பலி முடிவில் ஒலிபெருக்கியில் நானே வாசித்திருக்கிறேன். கணவனைக் கடலில் இழந்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. மறுவாரம் அவள் பணத்தைக் கட்டினாள். எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

"அவ காசத் திருப்பிக் குடுத்தாவளா? பாத்துச் சொல்லுங்க மக்களே."

பார்த்தேன். அப்படி எதுவும் எழுதப்படவில்லை. கோவிலை விட்டு வெளியே வரும்போது சீடர் ஒருவர் எத்தனை பெரிய கற்கள், எத்தனை பெரிய கட்டடங்கள் என்று வியக்கிறார். இவற்றில் ஒரு கல் மேல் இன்னொரு கல் நிற்காதபடி எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு. அதை வாசித்தேன். அந்த அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.