கீலைக் கழற்றிய மந்திரவாதி

ஞாயிறு சாயங்காலம் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். நேற்று குழு பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து நான் எழுதிய பூட்டுப் புதிரை எங்கள் மந்திரவாதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கதவின் கீலைக் கழற்றப் போனார். இருபது முகப் பகடையில் 19 விழுந்தது; பெரிய எண் விழுந்தால் முயற்சி பலிக்கும். நான் என்ன செய்ய முடியும்!

இதில் எல்லாம் எனக்கு எரிச்சலே இல்லை. எரிச்சல் பதிப்பாளர்கள் மேல்தான். 2000இல் வந்த திறந்த உரிமத்தை (இந்த விளையாட்டின் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) நம்பி எத்தனையோ சின்னப் பதிப்பகங்கள் இதில் ஆடுவதற்கான சாகசக் கதைப் புத்தகங்கள் போட்டன. 2023 ஜனவரியில் அதை மாற்றும் வரைவு கசிந்தது: ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை விளையாட்டின் நிறுவனத்துக்குப் பங்கு. ரசிகர்கள் கொதித்தார்கள். மாதம் முடிவதற்குள் அந்த நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. சரி, நல்லதுதான். ஆனால் ஒருமுறை கை வைக்கப் பார்த்தார்களே என்பது மனதை விட்டுப் போகவில்லை.

என் சொந்தப் புலம்பல் வேறு. முன்பணம் கட்டிய சாகசப் புத்தகம் ஒன்று 14 மாதமாக அச்சில்தான் இருக்கிறதாம். பெயர் வேண்டாம், பாவம்.

காத்திருந்து அலுத்துப்போய் கோட்டையின் நிலவறையை நானே கட்டம் போட்ட நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு எல்லாமே உருட்டுக்கல் கதவுகள். கீலே கிடையாது.