சர்க்கரைக்கு ஒரு வாசல், கண்ணுக்கு ஒரு வாசல்

சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர்களுக்குப் பயிற்சி தரும், வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு உதவும் அமைப்பில், "பார்வை போனவர்களுக்கு எங்களிடம் பயிற்சி இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். பார்வையற்றோருக்கான அமைப்பில் விடுதி உண்டு, பிரெய்ல் உண்டு, கணினி வகுப்பு உண்டு. ஐம்பது வயதைத் தாண்டி, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு, பார்வை போய் ஓர் ஆண்டுகூட ஆகாத மீன் வியாபாரிக்கு அங்கே என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பும் தத்தம் வேலையை உண்மையாகத்தான் செய்கின்றன. இடையில் நிற்கும் மனிதர் மட்டும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அந்த இடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

இத்தனைக்கும் வடசென்னை இந்த நோய்க்குப் புதிய ஊர் அல்ல. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954இல் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ 1819இலிருந்து இயங்குகிறது. இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில்தான் இத்தனை பேர் பார்வையை இழக்கிறார்கள்.

காரணம், சர்க்கரையால் விழித்திரை கெடுவது வலிப்பதில்லை. ரத்தக் குழாய்கள் வீங்கி, கசிந்து, பின்பு வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்து உடைகிறவரை பலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். சென்னை நகரில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு, சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறோம். சொட்டு விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அன்றைய வருமானம் போகும். அவர் வராததை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. லேசர் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். லேசர் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பதற்கு. போனதை மீட்பதற்கு அல்ல. இதை முதலிலேயே பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லாததால், "போட்டும் தெரியவில்லையே" என்று வெறுத்துப்போகிறார்கள்.

பார்வை போன பிறகு எங்களிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி வெள்ளைக் கோலைப் பற்றியதோ வேலையைப் பற்றியதோ அல்ல. "ஊசியை யார் போடுவார்கள்?" என்பதுதான்.

இன்சுலின் வகுப்பு எங்கள் வேலையிலேயே மிக மெதுவாக நடப்பது. அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து. குப்பியிலிருந்து சிரிஞ்சில் ஏற்றும்போது அளவுக்கோடு தெரியாது, காற்றுக் குமிழி தெரியாது. ஆகவே பார்வை இல்லாதவருக்கு முடிந்தவரை இன்சுலின் பேனாவைப் பழக்குகிறோம். திருகும்போது ஒவ்வொரு அலகுக்கும் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும்; விரலிலும் அந்த அதிர்வு தெரியும். எண்ணிக்கொண்டே திருக வேண்டும். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்று வீட்டாருக்கும் சொல்லிவைக்கிறோம். கலப்பு இன்சுலினாக இருந்தால் பால்போலக் கலந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது. உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்க்கும்படி கணக்கு வைத்துக்கொடுக்கிறோம். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு வகை இருந்தால் ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுகிறோம்.

வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, பள்ளிக்குப் போகும் பேரன் வந்து ஊசி போடும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாராம். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு தானே போட்டுக்கொண்ட அன்று, "கண்ணு, இனிமேல் அவன் நேரத்தோடு பள்ளிக்கூடம் போவான்" என்றுதான் என்னிடம் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பாதத்தைப் பற்றி இரு தரப்பு அமைப்புகளும் இன்னும் அதிகம் பேச வேண்டும். நரம்பு மரத்துப்போன காலில் ஆணி குத்தினால் வலிக்காது. கண்ணும் இல்லையென்றால் ரத்தமும் தெரியாது. "தினமும் பாதத்தைப் பாருங்கள்" என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைப் பார்வை இல்லாதவர் கையிலேயே கொடுக்கிறார்கள். நாங்கள் வெள்ளைக் காலுறை போடச் சொல்கிறோம். கசிந்தால் வீட்டில் இருப்பவர் கண்ணில் பட்டுவிடும். எம்.சி.ஆர். செருப்பை, அதாவது மரத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பை, வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது. இதற்குப் பெரியவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. பூஜை அறையில் எப்படி என்று கேட்பார்கள். வீட்டுக்கென்று தனி ஜோடி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு வருவோம்.

பிரெய்ல் பலருக்கு உதவாது. விரல் நுனியும் மரத்துப்போயிருக்கும், புள்ளிகள் பிடிபடாது. "உங்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் அழுதார். கோபம் வந்தது எனக்கு. ஆர்வத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவருக்குப் பேசும் கைப்பேசியைப் பழக்கினோம். இப்போது பேருந்தில் போகும்போதே எங்களுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார்.

இன்னொரு சிக்கல், இந்த நோயில் பார்வை ஒரே நிலையில் நிற்பதில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது மங்கலும் கூடிக் குறையும். கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே நாளில் இருட்டும். மெல்ல வடிந்தால் கொஞ்சம் திரும்பும். எம்.சி. ரோட்டில் நேற்று தனியாக நடந்தவர் இன்று வெள்ளைக் கோலோடு வந்தால் தெருக்காரர்கள் நடிக்கிறார் என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து கோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தடுமாறி நடக்கிறவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போது குடித்திருக்கிறார் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. ஆகவே கோலோடு குளுக்கோஸ் பொட்டலமும், சட்டைப் பையில் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தமிழில் எழுதிய ஓர் அட்டையும் இருக்க வேண்டும் என்கிறோம்.

மாற்றுத்திறனாளி அட்டை தனிக்கதை. சட்டப்படி பாதிப்பு 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். ஒரு கண் முழுதும் போய், மறு கண் ஓரளவு நன்றாக இருந்தால் மதிப்பீடு 30 சதவீதத்தோடு நின்றுவிடும். சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் "முடிந்த பிறகு வாருங்கள்" என்கிறார்கள். கண்ணுக்குள் போடும் ஊசி மாதக்கணக்கில் போகும். அதுவரை வாடகையும் அரிசியும் காத்திருக்குமா?

அக்டோபர் 15 வெள்ளைக் கோல் தினம். நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். முப்பதே நாள் இடைவெளி. இந்தப் பகுதியில் இரண்டுக்கும் பேரணி, முகாம், தொப்பி, மோர் எல்லாம் உண்டு. முதல் பேரணியில் சர்க்கரையைப் பரிசோதிக்க ஒரு மேசை போடுங்கள், இரண்டாவதில் கோல் பிடிக்கக் கற்றுத்தரும் ஒருவரை நிறுத்துங்கள் என்று இரு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைகளிடம் கேட்பது இதைவிடச் சிறியது: இனி பார்வை திரும்பாது என்று சொல்லும் அன்றே, அந்த ஓபி சீட்டின் பின்புறத்தில், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு முகவரியை எழுதிக் கொடுங்கள். உடன் வந்தவருக்கு அதை வாசித்தும் காட்டுங்கள்.