உதய்நகர்க் கல்லறையும் ஒரு ராக்கிக் கயிறும்

வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போய்ப் பழகிய கால்களுக்கு உதய்நகர் புதிது. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில் ஆதிவாசி மக்கள் வாழும் சிற்றூர் அது. இந்தூரிலிருந்து பஸ். கோதுமை வயல்கள் முடிந்ததும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. பிப்ரவரி மாதம் என்பதால் பலாச மரங்களில் இலையே தெரியவில்லை, அத்தனையும் பூ. நாச்சன்போர் மலைப்பகுதி வந்ததும் செபமாலையை எடுத்தேன். ஆனால் ஒரு மணிகூட உருளவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இப்படி ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அருள்சகோதரி ராணி மரியாவை இங்கேதான் கத்தியால் குத்திச் சாய்த்தார்கள். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் தடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

கேரளத்தின் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர் ராணி மரியா; பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியர். உதய்நகருக்கு 1992-இல் வந்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கித் தலைமுறை தலைமுறையாகக் கடன் அடைத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் கிடைக்க வழி காட்டினார். அது யாருடைய வயிற்றில் அடித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அவர்கள் ஏவிய ஆள் சமந்தர் சிங் என்ற இளைஞர். ஆயுள் தண்டனை கிடைத்தது.

கல்லறை இப்போது கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. நான் போனபோது ஒரு ஆதிவாசி அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கைப்பிடி தானியத்தைக் கல்லறை ஓரமாக வைத்தார். ஊதுவத்தி கொளுத்தினார். பிறகு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, 'தீதி' என்று தொடங்கி ஏதோ வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மருமகளைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும், குரலின் ஏற்ற இறக்கம் அப்படி! 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கப்பட்டவரிடம் பேசுகிறோம் என்ற தயக்கம் அவரிடம் சிறிதும் இல்லை. அக்காவிடம் பேசுகிறார், அவ்வளவுதான்.

அந்த உறவு முறைதான் உதய்நகர்க் கதையின் உயிர் என்று எனக்குப் படுகிறது. ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பால். அவரும் அதே சபைக் கன்னியர். 2002-இல், ரக்ஷாபந்தன் நேரத்தில், இந்தூர்ச் சிறைக்குப் போய்ச் சமந்தர் சிங்கின் மணிக்கட்டில் ராக்கி கட்டினார். அக்காவைக் கொன்றவனை உடன்பிறந்தவனாக ஏற்றுக்கொண்டார். அதற்கு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிறைக்குள்ளும் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. தன்னை ஏவிவிட்டவர்களைப் பழிதீர்க்கும் வெறியோடுதான் சமந்தர் சிங் நாள்களைக் கடத்திக்கொண்டிருந்தார். சுவாமி சதானந்த் என்ற துறவியான குருவானவர் அவரைச் சிறையில் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார். கொலை செய்தவருக்கும் மன்னிக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள் என்பது, அங்கே அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராக்கி கட்டியதோடு விடாமல், விடுதலைக்கான மனுவிலும் ராணி மரியாவின் குடும்பத்தார் கையெழுத்திட்டார்கள். 2006-இல் அவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு புல்லுவழிக்கே போனார். தாய் ஏலீஸ்வா அந்தக் கைகளை முத்தமிட்டார், மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதால்.

தீர்ப்பு தவறு என்று அந்தக் குடும்பம் ஒருபோதும் சொல்லவில்லை. குற்றம் குற்றமாகவே இருந்தது. பதினோரு ஆண்டுச் சிறையும் நடந்தது. மன்னிப்பு என்றாலே கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைக்கிறவர்கள் உதய்நகருக்கு ஒருமுறை வரலாம். 'உன் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்' என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொல்கிறார். 'போய்' என்கிறார். கன்னியர் மடத்து அறையில் முழந்தாளிட்டு மன்னித்தால் போதும் என்று செல்மி இருந்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? சிறை வாசல்வரை போனார்.

எனக்கும் சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன ஒரு பெரியப்பா மகன் இருக்கிறார். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் 'மன்னித்துவிட்டேன் சாமி' என்று சொல்லி வருகிறேன். அவர் வீட்டுத் தெரு வழியாக மட்டும் போவதில்லை. உதய்நகர்க் கோயிலில் பரலோக மந்திரம் சொன்னபோது 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் அவருடைய எண்ணைத் தேடினேன். என் கைப்பேசியில் இல்லை. அக்காவிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. அக்கா எண்ணைக் கொடுத்துவிட்டு, 'எதற்கு?' என்று மூன்று முறை கேட்டாள்.